எவடம் என்று கேட்டால் மெட்ரோ நிலையம்

கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு, முதலில் என் அனுதாபம்.

பயிற்சிப் பட்டறைக்கு நேரில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். என் முழங்கால் சம்மதிக்கவில்லை, எழுதி அனுப்புகிறேன். எத்தனை பேரைத் தெரிவுசெய்வது, வந்த பதில்களை எப்படி வகுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்ததுபோல் இருக்கப் பழகியிருப்பீர்கள். நான் எழுத வந்தது ஒரேயொரு கேள்வியைப் பற்றி. அதை நீங்கள் யாரிடமும் கேட்கப்போவதில்லை, உங்களிடம்தான் கேட்பார்கள். அன்றைக்கு நீங்கள் என்னைப்போல் முழிக்கக்கூடாது.

கனடாவில், மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார ஆய்வு நிலையத்தில் நான் களப்பணி இணைப்பாளராக இருந்தேன். பெயர் பெரிது; வேலை கதவு தட்டுவது. தொடக்கத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் எங்கள் சனங்களின் கதவுகளைத்தான் தட்டினேன். ஒரு வீட்டில் ஒரு அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். "எண்ணெயிலை பொரிச்ச சாமான் கிழமைக்கு எத்தினை தரம் சாப்பிடுவியள்?" என்று கேட்டேன். "சீச்சீ, நாங்கள் உதுகளைத் தொடுறேல்லைப் பிள்ளை" என்றபடி ஒரு தட்டில் சுடச்சுட வடைகளைப் போட்டு என் மடியில் வைத்தார். நான் வடையைக் கடித்துக்கொண்டே "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அந்த ஆய்வு வெளிவந்தபோது அதில் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர்கள் எல்லோரும் முனிவர்களாக இருந்தார்கள். கட்டுரை எங்கேயோ ஒரு மாநாட்டுக்குப் போனது. வடை சுட்ட அம்மாவிடம் மட்டும் போகவில்லை. அவர் கண்ணில் காட்டியிருந்தால் ஒரு சிரிப்பிலேயே பிழை பிடிபட்டிருக்கும்.

அந்த வீடுகளிலும் ஒரு வழக்கம் இருந்தது. கதவுச் சங்கிலியைக் கழற்றுமுன் அவர்கள் என்னிடம் ஒன்று கேட்பார்கள்: "பிள்ளை எவடம்?" எந்த இடம் என்பதுதான் எங்கள் பேச்சில் எவடம். யாழ்ப்பாணத்தாரின் வாயில் அது பூமிசாஸ்திரக் கேள்வி அல்ல. ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பார்கள். கோயிலைச் சொன்னால் ஆற்றை மகள், அதாவது யாருடைய மகள், என்பார்கள். நாலாவது பதிலில் உங்கள் சாதி தட்டில் வந்து விழுந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லியிருக்கமாட்டார்கள். நாங்கள் அவ்வளவு நாகரிகமான சனம்.

என் அப்பா பனையேறிக் கள்ளுச் சீவியவர். அதனால் நான் முதல் கேள்வியிலேயே ஓடித் தப்பப் பழகியவள். "யாழ்ப்பாணம் டவுன்" என்பேன். டவுனில் எவடம் என்றால் "பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட" என்பேன்.

எங்கள் நிலையத்தில் புள்ளிவிவரம் பார்த்தவர் பரராஜசிங்கம். எல்லோருக்கும் பரா அண்ணை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டார். நானும் பஸ் ஸ்ராண்டைச் சொன்னேன். "பஸ் ஸ்ராண்டிலை ஆக்கள் குடியிருக்கிறேல்லைப் பிள்ளை, பஸ்தான் நிக்கிறது" என்றார். நல்லவேளை, எங்கள் மாடி வந்து கதவு திறந்துகொண்டது.

அதற்குப் பிறகும் விடவில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்த றோட்டு என்று மாதத்துக்கொருமுறையாவது தூண்டில் போட்டுப் பார்ப்பார். ஆனாலும் தங்கமான மனிதர். அதுதான் வில்லங்கம். ஏழு வருடம் மத்தியானச் சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிட்டோம். என் கத்தரிக்காய்க் குழம்பில் பாதி அவருக்குப் போகும். அவருடைய மனைவி அவித்த புட்டில் பாதி எனக்கு வரும். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். துறைமுகத்தில் ட்ரக் ஓடிய என் மனிசன் இடுப்பை முறித்துக்கொண்டு கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் தவறாமல் வந்தார்.

சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பிடித்த கதை ஊர்க் கள்ளு. "பிளாவிலை வாயை வைச்சு உறிஞ்சோணும் பிள்ளை. அந்த ருசி இஞ்சத்தை வைனுக்கு வராது" என்பார். பிளா என்பது கள்ளுக் குடிக்கப் பனையோலையை மடித்துக் கட்டும் குவளை. சின்ன வயதில் நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டே மடிப்பேன். "அப்பிடியே அண்ணை?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைக் குழைப்பேன். அவருடைய வீட்டு வளவில் என் அப்பாவைப் போன்றவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் யாரென்று தெரிந்த பிறகும் இந்த மனிதர் என் கறியில் கை வைப்பாரா? பதில் தெரியாமலிருப்பதே நல்லது என்று ஏழு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரை இழக்க எனக்கு விருப்பமில்லை. நேரே சொன்னால், பயமாக இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் எங்கள் பேராசிரியருக்கு ஒரு பெரிய ஆய்வு கிடைத்தது. அவர் மொன்றியல் பிரெஞ்சுக்காரர், கெட்டிக்காரர், அவசரக்காரர். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மோஹாக் மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொல்வதற்கு அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கர்ப்பகாலத்தில் வரும் நீரிழிவு பற்றி அந்த ஊர்ப் பெண்களோடு ஆய்வு. பழையபடி புள்ளடி போட்டுக்கொண்டு அங்கே போகமுடியாது என்பது பேராசிரியருக்குத் தெரிந்திருந்தது. அதனால், பூர்வகுடி மக்களின் அறிவிலிருந்தும் அவர்களின் ஊர் முறைகளிலிருந்தும் எழுந்த ஆய்வுமுறைகளைப் படிக்க என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்.

நல்ல வகுப்பு. ஆய்வு என்பதே ஓர் உறவு, எடுத்ததைத் திருப்பிக் கொடு, கண்டதை முதலில் அவர்களிடம் சொல், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் ஒரு சொல்லும் பிழையில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் படித்த நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள்? நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் பூர்வகுடி முறை, வரிசையாகப் போட்டால் காலனித்துவ முறை என்று நம்பிக்கொண்டிருந்தோம். நான் கடைசிக் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் "உறவு, உறவு" என்று எழுதித் தள்ளினேன். மிகச் சிறப்பு என்று புள்ளி போட்டுத் தந்தார்கள். என் சொந்த உறவு எதைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

அந்த ஊரில் யார் ஆய்வு செய்வதானாலும் ஊரவர் குழு ஒன்று சம்மதிக்கவேண்டும். அதற்குத் தலைவி என் வயதுப் பெண். ஹொக்கிச் சட்டையோடு வந்திருந்தார். முந்தின நாள் ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றிருந்ததால் முகம் சரியில்லை. அவர் கதைத்தது ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார், அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தன்னைச் சொன்னார். தன் பெயர், தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், தாய்வழியில் தான் ஓநாய்க் குலம் என்று. குலம் என்று காதில் விழுந்ததும், இவ்வளவு பனியையும் தாண்டி இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். அடுத்ததாக அவர் எங்களைப் பார்த்து, "நீங்கள் ஆர்? உங்கட சனம் ஆர்?" என்று கேட்டார்.

பேராசிரியர் தன் பட்டங்களையும் வேலை பார்த்த பல்கலைக்கழகங்களையும் அடுக்கினார்.

"நீர் எங்கயெல்லாம் சம்பளம் வாங்கினனீர் எண்டு நான் கேக்கேல்லை. ஆற்றை பெடியன் எண்டு கேட்டனான்" என்றார் தலைவி.

என் முறை வந்தது. பக்கத்து நாற்காலியில் பரா அண்ணை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். "நான் நோத்ர-டாம்-த-கிரேஸ்" என்று நான் குடியிருந்த பகுதியைச் சொன்னேன். "வொந்தோம் மெட்ரோவுக்குக் கிட்ட."

"நல்ல மெட்ரோ. உம்மட சனம் ஆர்?"

"தமிழர்."

"எத்தினை பேர்?"

"கோடிக்கணக்கிலை."

"அவ்வளவு பேரிலை நான் ஆருக்கு ரெலிஃபோன் எடுக்கிறது?" என்று கேட்டார். அது என்ன கேள்வி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பரா அண்ணை எழுந்து, யாழ்ப்பாணத்தில் தான் ஒரு நல்ல குடும்பம் என்றார். "கூடாத குடும்பம் எண்டு சொல்லிக்கொண்டு இஞ்ச ஒருத்தரும் வந்ததில்லை" என்றார் தலைவி. "மே மாதத்துக் கறுப்பு ஈ தெரியுமோ? வரும், கடிக்கும், போயிடும். ஆய்வுக்காரரும் அப்பிடித்தான். உங்களை ஆரெண்டு நல்லா யோசிச்சுக்கொண்டு அடுத்த மாதம் வாங்கோ."

பேராசிரியர் ஆடிப்போனார். அடுத்த மாதமும் சம்மதம் கிடைக்காவிட்டால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் என் வேலை நீடிப்பும் இல்லை. என் மனிசன் முறிந்த இடுப்போடு வீட்டில் இருந்த காலம் அது. பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். "நாங்கள் யார்" என்று தலைப்புப் போட்டு, ஒரு மேப்பிள் மரத்தின் படத்தையும் போட்டு, திரையில் காட்ட ஒரு படவரிசை. ஆளுக்கொரு பந்தி எழுதவேண்டும். "கடலும் பனையும் சூழ்ந்த நிலத்தின் மகள் நான்" என்று தொடங்கி நான் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குக் கண்ணீர் வரும். தகவல் மட்டும் வராது. பரா அண்ணை அதற்குக் காற்புள்ளி திருத்தித் தந்தார்.

அந்தப் பந்தி சரிவருமா என்று கேட்க ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். தலைவி பனிச்சறுக்கு அரங்கில், ஆட்டம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் வாசித்தார்.

"கடலும் பனையும். நல்லாயிருக்கு. சுற்றுலா விளம்பரமோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தது நல்லது, கோபத்தில்தான் நான் உண்மை பேசுவேன். "எங்கட ஊரிலை இந்தக் கேள்வியை ஏன் கேக்கிறவை தெரியுமோ? தண்ணியைச் செம்பிலை தாறதோ சிரட்டையிலை ஊத்திறதோ எண்டு முடிவெடுக்க" என்றேன். அப்பாவையும் பனையையும் சொன்னேன். எங்கள் குழுவிலேயே அந்தக் கேள்வியோடு ஒருவர் இருக்கிறார், அவரோடுதான் தினமும் சாப்பிடுகிறேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கோப்பியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களிட்டையும் அரசாங்கத்து ஆள் வந்து நீ ஆர் எண்டு கேட்டவன்தான்" என்றார். "வெளியாலை கலியாணம் முடிச்ச பொம்பிளையளின்ரை பேரைப் பூர்வகுடிப் பதிவிலையிருந்து வெட்ட. அவன் கேட்டது ஆரை வெளியிலை விடுறதெண்டு பாக்க. நான் கேக்கிறது வேறை. நாளைக்கு நீர் ஒரு விசர்வேலை பார்த்தா நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? பட்டத்துக்கு ரெலிஃபோன் எடுக்கேலாது. உம்மட அக்காவுக்கு எடுக்கலாம்."

"எனக்கு அக்கா இருக்கிறா எண்டு எப்பிடித் தெரியும்?"

"உம்மைப் பார்த்தா ஆரோ அடிச்சு வளர்த்த மாதிரித் தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "வயித்திலை பிள்ளையோட இருக்கிறவளிட்டைப் போய் என்ன சாப்பிட்டாய், ஏன் அழுதாய் எண்டெல்லாம் கேக்கப்போறீர். உம்மட அப்பா என்ன செய்தவர் எண்டு உம்மாலை சொல்லேலாது. சொல்லாட்டிக் குற்றமில்லை. சொல்லாத ஆள் கேக்க வரக்கூடாது, அவ்வளவுதான்."

"அந்த மனுசன் இருக்கிற மேசையிலை எப்பிடிச் சொல்லுறது?"

"அது உம்மட தலையிடி" என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தப் போய்விட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்மணியிடம் நான் படித்ததில் பாதி அப்படி அரைகுறையாக விட்டுவிட்டுப் போனதுதான்.

கூட்டத்தன்று காலையில் பரா அண்ணைக்குத் தடிமன். மூக்கு நாதஸ்வரம் வாசிக்கிறது. "நான் வரேல்லைப் பிள்ளை, நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றார். பிள்ளைகளே, கடவுள் எனக்காகக் கிருமி அனுப்பிய ஒரே நாள் அது. அவர் வராவிட்டால் நான் அங்கே எல்லாவற்றையும் சொல்லலாம், சம்மதம் கிடைக்கும், வேலை தப்பும், மறுநாள் வழமைபோல் கத்தரிக்காயும் புட்டும். பேராசிரியர் கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

யோசிக்க லிஃப்ட் வரும் வரைதான் நேரம் இருந்தது. அந்த ஊர்ப் பெண்களின் இரத்தம், நிறை, சீனி எல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது பரா அண்ணையின் மேசைக்கு. அவர்கள் அவரைப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பார்கள்? அதோடு, என் அப்பாவைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் மட்டும் சொன்னால் அது இன்னொரு பஸ் ஸ்ராண்ட். "கோட்டைப் போடுங்கோ அண்ணை" என்றேன். வழியில் ஒரு தெப்பனரில் (மொன்றியலில் மூலைக்கடைக்கு அதுதான் பெயர்) காரை நிறுத்தி இருமல் மருந்தும் வாங்கிக் கொடுத்தேன்.

பேராசிரியர் திரையை விரித்தார். மேப்பிள் மரம் வந்தது. "லைட்டைப் போடுங்கோ" என்றார் தலைவி. மரம் மங்கிப் போனது. நான் எழுந்தேன். வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு மேசைகூட இல்லை.

ஆங்கிலத்தில் சொன்னேன். "என் அப்பா பனை ஏறிக் கள்ளு இறக்கினவர். அம்மா ஓலையில் குவளை மடித்தவர். எங்கள் ஊரில் எங்களைக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் கடைசி வரிசை வாங்கிலும், வீடுகளில் முற்றத்திலும் வைத்தார்கள். நான் அவர்களின் இரண்டாவது மகள். இத்தனை வருடமும் இதை நான் கூட வேலை செய்பவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. நான் ஏதும் பிழை விட்டால் ரொறன்ரோவில் என் அக்கா இருக்கிறா. அவவுக்கு எடுங்கோ. என்னைப் பற்றி ஒரு முறைப்பாடு வராதா என்று சின்ன வயதிலிருந்து காத்திருக்கிறா."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பரா அண்ணையின் பக்கம் திரும்பவில்லை. பேராசிரியர் திரையைச் சுருட்டிவிட்டு, தன் அம்மா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெப்பனர் நடத்துகிறா, இன்னும் தன்னைக் கண்டால் தலைமயிரை வெட்டு என்கிறா என்றார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவி.

பிறகு பரா அண்ணை எழுந்தார். இருமினார். கைலேஞ்சியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"என் ஆட்கள், இவவின் அப்பா இறக்கியதைக் குடித்தவர்கள்" என்றார். "எங்கள் வேலியில் ஒரு சிரட்டை கொழுவியிருந்தது. அவரைப் போன்றவர்கள் தண்ணீர் கேட்டால் அதில்தான் ஊற்றுவோம். சின்ன வயதில் நானும் ஊற்றியிருக்கிறேன். என் சனம் யார் என்று கேட்டீர்கள். அதுதான் என் சனம்."

உட்கார்ந்துவிட்டார். பிறகு தலைவி, "சரி, இப்ப ஆருக்கு ரெலிஃபோன் எடுக்கிறதெண்டு தெரியும்" என்றார். சம்மதம் தந்தார்கள். முடிவுகள் முதலில் ஊருக்கு, ஊர் சொன்ன பிறகுதான் மாநாட்டுக்கு என்ற நிபந்தனையோடு. ஆய்வுக்குப் போன முதல் வீட்டில் இருந்த கர்ப்பிணிப் பெண் நான் கேட்டதைவிட அதிகமாக என்னிடம் கேட்டாள். பனை எவ்வளவு உயரம், அப்பா விழுந்திருக்கிறாரா, அம்மா பயப்படுவாவா என்று. எல்லாம் சொன்னேன். பிறகு அவள் தான் சாப்பிட்ட பொரியலைப் பற்றி ஒளிக்காமல் சொன்னாள். பார்க் எக்ஸ்டென்ஷன் வடை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

உங்கள் பாடப்புத்தகம் இப்போது இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறது. படியுங்கள், பரீட்சைக்கு வரும். ஆனால் கேட்கப் போகிற வீட்டில் உங்களை யாரும் கேட்காவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் கறுப்பு ஈ என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அன்று திரும்பி வந்த பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு காரை ஓட்டினார். பின் இருக்கையில் நானும் பரா அண்ணையும். பாலம் முழுக்க வாகன நெரிசல். அவர் யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது, நாளைக்கு என் சாப்பாட்டுப் பெட்டியைத் தனி மேசைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பாலத்தின் நடுவில் அவர் திரும்பினார்.

"பிள்ளை, அப்பாவின்ரை பேர் என்ன?"

ஏழு வருடமாக ஊரைக் கேட்டார், றோட்டைக் கேட்டார், பள்ளிக்கூடத்தைக் கேட்டார். என் அப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது.

"சவிரிமுத்து" என்றேன்.

"சவிரிமுத்து" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார், தடிமனாகவும் இருக்கலாம். கார் ஓரடி நகர்ந்து மறுபடி நின்றது. பழக்கதோஷம் இலேசில் விடுமா?

"அவர் எவடம்?" என்றார்.

ஊர், பக்கம், கோயிலடி, ஒழுங்கை, வேலியில் நின்ற பூவரசு வரை, முழு விலாசமும் சொன்னேன்.